நடுத்துண்டு

பல்லுத்தான் முதலில் வந்தது, கறுத்த தண்ணீருக்குள் இருந்து, நான் ஐஸில் துளைத்த வட்ட ஓட்டைக்குள், வெள்ளையாக, ஊசி ஊசியாக, பிறகு வாத்தின் சொண்டு போலத் தட்டையான ஒரு வாய், பிறகு நான்தான் அதன் வீட்டுக்குள் அழைக்காமல் நுழைந்தவன் என்பதுபோல முறைக்கிற ஒரு மஞ்சள் கண், நான் இழுக்கிறேன், என் நூலோ தலைமயிர்த் தடிப்பு, உள்ளங்கை அளவு வரிமீனுக்கென்று கட்டியது, அந்த வரிமீனின் வால் அதன் வாய்க்குள் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது, என்னுடைய வரிமீன், நான் புழுக் குத்தி, நான் குந்தியிருந்து, நான் மூக்கால் தண்ணீர் ஓட ஓடப் பார்த்திருந்து கொழுவிய மீன், அதைப் பாதிவழியில் மறித்துக் கவ்விக்கொண்டு எனக்கே முகம் காட்ட வருகிறது நாய், ஒரு உதறுதான் உதறியது, நூல் டிக் என்று அறுந்தது, தண்ணீர் ஒருமுறை சுழன்று அடங்கியது, அதற்குள் என் முகம் மட்டும் மிச்சம், குளிரில் கட்டுப்பல்லு கிடுகிடுக்கிற எழுபத்தாறு வயது முகம். என்னண்ணை, திருப்பியும் அவரோ, என்று பக்கத்து ஓட்டையில் இருந்து சவிரிமுத்து கேட்கிறான், பாசையூர்க் கடலில் பிறந்து இந்தக் கனடாவில் முப்பது வருசம் பேக்கரி அடுப்பில் வெந்து ஓய்ந்தவன், என்னை இந்த ஏரிக்கு முதல்முதல் கூட்டிக்கொண்டு வந்தவன், ஓம் அவர்தான், கள்ளனுக்கு என்ன அவர் இவர் எண்டு மரியாதை, என்றேன், சிரித்தான், பைக் மீன் எண்டால் அப்பிடித்தான் அண்ணை, எங்கட சீலா மீனின்ர ஒண்டுவிட்ட தம்பி, உங்கட நூலில வாற சின்னதுகளைத் தனக்கு விரிச்ச பந்தியெண்டு நினைச்சுக்கொண்டு வருவார், இந்தாங்கோ என்ர பெரிய தூண்டில், நுனியில கம்பி கட்டினது, கடிக்க ஏலாது, அவரையே பிடிச்சுக்கொண்டு போங்கோவன், எனக்கு ஏன் அந்தச் சனியன், என்றேன், என் பெண்சாதி அதை வாயில் வைக்கமாட்டாள், நாளைக்கு மங்கைக்கு எட்டு, எனக்கு வேண்டியது வரிமீன், ஒன்று போதும், ஒரேயொரு முழு வரிமீன்.

எட்டு என்றால் எங்கள் சனத்துக்குத் தெரியும், செத்த எட்டாம் நாள், செத்தவருக்கு என்னென்ன விருப்பமோ அதெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைக்கிற நாள், அதுவரை மரக்கறி, அன்றைக்குத்தான் மீன் மச்சம், மற்றச் சடங்கெல்லாம் ஐயருக்கும் ஊருக்கும், எட்டு மட்டும்தான் செத்தவரின் வாய்க்கு, அதிலே பிழை விட்டால் பிறகு திருத்த இடமில்லை. துடக்கு வீட்டுக்காரர் தூண்டிலோட போறதோ அப்பா, சனம் என்ன சொல்லும், என்று மகள் சுகிர்தா இன்று காலையில் கதவை மறித்துக்கொண்டு நின்றாள், கடையில எல்லா மீனும் கிடக்குது, அந்த வரிமீன் கூடப் பெட்டியில உறையவைச்சுக் கிடக்குது, நான் வாங்கிக்கொண்டு வாறன், நீங்கள் இருங்கோ, எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கொம்மாவை அஞ்சு நாள் ஐஸ் பெட்டியில வைச்சிருந்தீங்கள், அது காணாதெண்டு அவளுக்கு வைக்கிற மீனையும் ஐஸ் பெட்டியில இருந்தோ எடுக்கப்போறியள், என்றேன், அவள் முகம் அப்படியே தொங்கிப்போனது, சொல்லியிருக்கக்கூடாதுதான், ஆனால் சொன்னது பொய்யில்லை, ஊரில் காலையில் செத்தால் மாலையில் சுடலை, இங்கே மண்டபம் கிடைக்கவேண்டும், சனிக்கிழமை வரவேண்டும், லண்டனில் இருந்து மங்கையின் தமையன் வரவேண்டும், அதுவரை என் பெண்சாதி இலக்கம் போட்ட பெட்டிக்குள், கடைசியில் கொள்ளிக்குடத்தோடு நின்ற என்னை மின் அடுப்பின் இரும்புக் கதவுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், கோட்டுப் போட்ட ஒருத்தன், இந்தப் பொத்தானை அமத்துங்கோ எண்டு கைகாட்டினான், ஐம்பத்தொரு வருசம் என்னோடு இருந்தவளை லிப்டுக்கு அமத்துகிற மாதிரி அமத்தி அனுப்பினேன், அந்தக் கோபமெல்லாம் நெஞ்சுக்குள் கிடந்தது, மகளில் இறங்கிவிட்டது. கதவை விட்டு விலகியவள் மெல்லக் கேட்டாள், அம்மாக்கு அந்தக் குட்டி மீன்தான் விருப்பமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, ஆர் சொல்லவேணும், கண்ணால கண்டனான், என்றேன், கண்டனீங்கள் சரியப்பா, ஏனெண்டு ஒருநாள் கேட்டனீங்களே, படித்த பிள்ளைகளின் கதை இப்படித்தான், எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே ஒன்று இருக்கிறதென்று கிண்டுவார்கள், நான் ஐந்தாம் வகுப்போடு வெங்காயத் தோட்டத்துக்குப் போனவன், விருப்பத்துக்கு என்ன ஏன், சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு சவிரிமுத்துவின் வானில் ஏறிவிட்டேன்.

நான்காம்முறை நூல் கட்டுகிறேன், விரல் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கிறது, மார்ச் கடைசி, கரையோரம் ஐஸ் கறுத்து நொய்ந்துபோய்க் கிடக்கிறது, நடுவில் மட்டும் இன்னும் முழங்கைத் தடிப்பு, அதற்கு மேலே உருகிய தண்ணீர் சப்பாத்தை நக்குகிறது, இன்னும் இரண்டு மூன்று நாளில் எல்லாரையும் இறங்கவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், இதைவிட்டால் எனக்கு வேறு நாள் இல்லை, நாளை என்பது நாளைக்குத்தான், அது கீழே நிற்கிற அந்தத் தடியனுக்குத் தெரியுமோ, கொட்டில் இல்லாமல் வெளியில் இருந்தால் மீன் நல்லாக வரும் என்று சவிரிமுத்து சொன்னான், அவன் சொன்னதை நான் எதற்கு நம்பினேன், அவனுடைய மருமகன் வாங்கிக் கொடுத்த சின்ன டிவிப் பெட்டி ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது, ஐஸுக்குக் கீழே மீன் ஓடுவதைக் கோடு கோடாகக் காட்டுமாம், பாருங்கோ அண்ணை, குட்டிக் கோடெல்லாம் உங்கட வரிமீன், அந்தா ஒரு பெரிய கோடு வருது, குட்டிக் கோடெல்லாம் ஓடுது, உந்தப் பெட்டியை மூடும், என்றேன், பெட்டியில தெரியிறதெல்லாம் மீனெண்டால் டிவியில தெரியிறதெல்லாம் சோறு. சிரித்தான், சிரிக்கட்டும், அவனுக்குச் செத்த வீடில்லை. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி இதே ஏரியில் இவனோடு வந்த முதல்நாள், ஐந்து வரிமீன், மஞ்சள் உடம்பில் கரிக்கோடு இழுத்த மாதிரி, செட்டை மட்டும் செம்மஞ்சள், வீட்டுக்குக் கொண்டுபோய் சிங்குக்குள் கொட்டினேன், இஞ்சருங்கோ, இதென்ன, தண்ணி வாளிக்குள்ள புலிக்குட்டியளைக் கொண்டந்து கொட்டிறியள், என்று மங்கை சிரித்தது இப்போது கேட்கிறது, ஐஸுக்குக் கீழே இருந்து கேட்பது போலக் கேட்கிறது, உப்பும் மஞ்சளும் தூளும் பிரட்டி வைத்து, புகைக்கு மணி அடிக்கும் என்று மேலே இருந்த அந்தச் சனியன் பிடித்த கருவிக்குத் துணி கட்டிவிட்டு, மொறுமொறுவென்று பொரித்து, எனக்கும் மகளுக்கும் இரண்டிரண்டு வைத்து, கடைசியில் தன் சாப்பாட்டுக் கோப்பையில் ஒன்றை வைத்தாள், தலையோடு வாலோடு முழுசாக, வைத்துவிட்டுச் சாப்பிடாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், இது முழுசா எனக்கோ, என்றாள், நான் மீனைப் புகழ்கிறாள் என்று நினைத்தேன், பின்னே ஆருக்கு, தின் என்றேன், முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பை விளிம்பில் வட்டமாக அடுக்கி, மீனின் கண்ணைக்கூட விடாமல் தின்றாள், அன்றிலிருந்து குளிர் வந்தால் என் வேலை அதுதான், ஊரிலும் அவள் அப்படித்தான், சைக்கிளில் மீன்காரன் படலையில் வந்து நின்றால், நான் பெரிய பாரையில் கை வைப்பேன், அவள் பின்னால் நின்று, தம்பி, சின்ன மீன் ஏதும் கிடக்கோ, சூடை, கீரி, எதெண்டாலும், என்பாள், எந்தநாளும் என்னடியப்பா முள்ளுத் தின்னிற பழக்கம், என்று நான் பேசுவேன்.

தூண்டில் தொட்டது, மெல்ல, இரண்டு தட்டு, அது வரிமீன்தான், அது கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரித்தான் தொடும், கொழுவினேன், சுற்றினேன், மங்கை வந்திட்டுதடி என்று வாய்விட்டே சொன்னேன், பாதிக்கு வரவில்லை, கீழே யாரோ கல்லைக் கட்டிவிட்டது போல இழுத்தது, விடு நாயே, என்றேன், விடு, உனக்கு இந்த ஏரி முழுக்கக் கிடக்குது, எனக்கு ஒண்டுதான் கேட்டனான், எனக்குத் தெரியும் இந்த இழுவை, என் ஆயுளெல்லாம் இந்த இழுவைதான், நான் கேட்டதெல்லாம் சின்னது, வந்து விழுங்கினதெல்லாம் பெரிய வாய், ஆறு பரப்புக் காணி, அதிலே வெங்காயம் தலை நிமிர்ந்து நின்ற வருசம் ஆமி முட்கம்பி அடித்து இனி இது முகாம் என்றான், நான் பிடுங்கிய வெங்காயத்தை அவன் தின்றான், பிறகு கொழும்பில் ஒருத்தன், இந்தா பாஸ்போர்ட் இந்தா பிளேன் என்று ஒன்றரை வருசம் லாட்ஜில் குந்தவைத்தான், பிறகு இங்கே வந்தால் தொழிற்சாலையில் என்னைவிட இளையவன் ஒருத்தன் என் வேலையைத் தன் பேரில் எழுதிக்கொண்டான், எல்லாரும் பாதிவழியில் மறித்தவர்கள், எல்லாருக்கும் அதே பல்லு, அதே முறைப்பு, ஏதோ நான்தான் அவர்களுடைய தட்டில் கை வைத்தவன் போல, நூல் இந்தமுறை அறவில்லை, சட்டென்று லேசாகிவிட்டது, சுற்றிக்கொண்டே இருந்தேன், ஓட்டைக்கு மேலே வந்தது, என் வரிமீனின் தலை. தலை மட்டும், கண் திறந்தபடி, கழுத்துக்குக் கீழே கத்தரித்த மாதிரி ஒன்றுமில்லை, கொஞ்சம் தள்ளி ஒரு தோல் நாரில் வால் தொங்குகிறது, இடையில் சதை என்று இருந்ததெல்லாம் போய்விட்டது. சவிரிமுத்து எழுந்து வந்து பார்த்தான், தொப்பியைப் பின்னால் தள்ளினான், பார்த்தீங்களே அண்ணை பெரியவரின்ர வேலையை, தலையையும் வாலையும் உங்களுக்கு வைச்சிட்டு நடுத்துண்டை அவர் கொண்டு போட்டார், என்றான்.

பகிடிக்குத்தான் சொன்னான். எனக்குக் கை அப்படியே நின்றது, தலையும் வாலும் நூலில் ஆடிக்கொண்டிருந்தன, நடுத்துண்டு, அந்தச் சொல்லை நான் கேட்டு எத்தனை வருசம், அப்புவுக்கு நடுத்துண்டை வை, என்பாள் என் அம்மா, சட்டியின் மூடியைத் திறக்க முதலே, மூத்தவனுக்கு நடுத்துண்டை வை, தோட்டத்தால வந்தவன், சின்னவங்களுக்கு மற்றதை வை, மங்கை அகப்பையால் எடுத்து எடுத்து வைக்கிறாள், பாரை, விளை, அறக்குளா, வட்டம் வட்டமாக வெட்டிய துண்டுகள், என் தகப்பன் அப்பு தின்று, நான் தின்று, தம்பிமார் இரண்டுபேரும் தின்று கை கழுவி எழும்பி, அம்மாவும் தின்று வெற்றிலை போட்ட பிறகு, அவள் குசினிக்குள் நிலத்தில் இருந்து சட்டியை வழிக்கிற சத்தம், அவள் கோப்பையில் வால், எப்போதும் வால், இல்லாவிட்டால் தலையில் பாதி, நான் அதைக் கண்டேனோ, கண்டேன், கண்ணால் கண்டேன், அதைத்தான் காலையில் மகளிடமும் சொன்னேன், கண்டவன் கேட்கவில்லை, சூடையை நடுத்துண்டு வெட்டமுடியாது, கீரிமீனைப் பங்கு போடமுடியாது, சின்ன மீன் என்றால் ஆளுக்கு ஒன்றாக வரும், கடைசியாகத் தின்கிறவளின் கோப்பைக்கும் ஒன்று முழுசாக வந்தே தீரும், அதற்குத்தான் தம்பி சின்ன மீன் ஏதும் கிடக்கோ, அதற்குத்தான் இது முழுசா எனக்கோ, அட, நான் மீனைப் புகழ்கிறாள் என்று நினைத்தேனே. அதுவும் ஊரோடு முடிந்ததோ, இங்கே வந்து, குளிர்ப்பெட்டி நிறைய மீன் கிடக்க, மேசையில் நானும் மகளும் அவளும் மூன்றே மூன்று பேர், அப்புவும் இல்லை அம்மாவும் இல்லை, வை என்று சொல்ல ஒருவருமில்லை, ஒருமுறை இதே பைக் மீனை நான் கொண்டுபோனேன், இதென்னப்பா, உள்ளுக்கெல்லாம் கவட்டை முள்ளு, எனக்கு வேண்டாம், உங்களுக்கெண்டால் காய்ச்சிறன், என்றாள், காய்ச்சினாள், பழப்புளி விட்டு, வெந்தயம் போட்டு, நடுத்துண்டு இரண்டும் என் கோப்பையில் வந்து விழுந்தன, வால் அவளுடைய கோப்பைக்குப் போனது, அது தன் வழி தெரிந்து போகிற மாதிரிப் போனது, அம்மா அந்த வாலை என்னத்துக்கு, என்று சுகிர்தா கேட்க, எனக்கு வால்தான் பிள்ளை விருப்பம், என்றாள், நான் தின்றுகொண்டிருந்தேன், நல்லாக இருந்தது, புளி கொஞ்சம் கூட என்றேன். ஆமியாம், கொழும்புக்காரனாம், தொழிற்சாலைக்காரனாம், கீழே நிற்கிற பல்லுக்காரனாம், எத்தனை பேருக்குப் பேசினேன் இந்த ஒரு காலைக்குள், என் வீட்டுக் குசினியில் ஐம்பத்தொரு வருசம் நடுத்துண்டைக் கொண்டுபோனவன் எவன்.

சவிரி, என்றேன், உம்மட பெரிய தூண்டிலைத் தாரும், அவன் என் முகத்தைப் பார்த்தான், பகிடியை வாய்க்குள் போட்டுக்கொண்டான், தந்தான், வரிமீனின் தலையைக் கழற்றி அதில் குத்தினேன், இறக்கினேன், வா, என்றேன், காலையில் இருந்து வராதே வராதே என்று பேசியவனைப் பார்த்து வா என்றேன், வந்தது, அழைக்காத நேரமெல்லாம் வந்தது அழைத்தவுடன் வந்தது, தடி வளைந்தது, அண்ணை விட்டுப் பிடியுங்கோ, இழுக்காதேங்கோ, ஓடவிடுங்கோ, எங்க ஓடப்போறார், என்று சவிரிமுத்து முழங்காலில் விழுந்து ஓட்டைக்குள் கையை விடுகிறான், எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது, கட்டுப்பல்லைக் கடித்துக்கொள்கிறேன், பல்லுத்தான் முதலில் வந்தது, ஓட்டைக்குள் தெரிந்த என் முகத்தின் சரி நடுவில், வெள்ளையாக, ஊசி ஊசியாக, பிறகு தட்டை வாய், பிறகு மஞ்சள் கண், பிறகு என் கை நீளத்துக்கு உடம்பு, பச்சையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, ஐஸில் வந்து விழுந்து இரண்டுமுறை அடித்துவிட்டுக் கிடந்தது, வாயின் ஓரத்தில் என்னுடைய சின்னத் தூண்டில் ஒன்று, தலைமயிர் நூல் தொங்கலோடு, மூன்றில் எதுவோ. கையுறையைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து அதை எடுத்தேன், விரலில் பல்லுக் கிழித்தது, ஐஸில் ரத்தம் இரண்டு சொட்டு, கிழிக்கட்டும்.

அப்பா, எங்க நிக்கிறியள், வரிமீன் பட்டுதோ, என்று போனில் சுகிர்தா கேட்கிறாள், அவளுக்குப் பின்னால் வீட்டில் சனத்தின் சத்தம், இல்லைப் பிள்ளை, பெரியது ஒண்டு பட்டிருக்கு, ஐயோ அம்மா அதைத் தின்னமாட்டாவே, நீங்கள்தானே சொன்னனீங்கள், ஓம், நான்தான் சொன்னனான், ஒருக்காக் கேள், அந்தப் பெரிய சட்டியை எடுத்துக் கழுவி வை, வெட்டிறது நான், கவட்டை முள்ளெல்லாம் நான் எடுக்கிறன், ஒரு முள்ளு இருக்கக்கூடாது, நடுத்துண்டு கொம்மாவுக்கு, இரண்டும் கொம்மாவுக்கு, எல்லாருக்கும் முதல், நாங்கள் ஒருத்தரும் கை வைக்க முதல், விளங்குதோ சுகிர்தா, என்றேன், ஓமப்பா, என்றாள், குரல் தண்ணீருக்குள் இருந்து வந்தது போல வந்தது, அப்ப மற்றத் துண்டுகள், என்றாள், மற்றது வாறவைக்கு, வாலை எடுத்து எனக்கு வை, என்றேன், அவள் ஏன் என்று கேட்கவில்லை. சவிரிமுத்து மீனைச் சாக்கில் சுற்றுகிறான், புளி கொஞ்சம் குறைச்சு விடுங்கோ அண்ணை, இதுக்குப் புளி கூடக்கூடாது, என்கிறான், அவளுக்கு எவ்வளவு புளி வேண்டும் என்று எனக்குத் தெரியாது, அதையும் நான் கேட்டதில்லை, சுகிர்தாவிடம்தான் கேட்கவேண்டும், எழும்ப முன் ஓட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தேன், தண்ணீர் சுழன்று சுழன்று அடங்கிக்கொண்டு வந்தது, அடங்க அடங்க அதற்குள் ஒரு வாய் மேலே வந்தது, திறந்தபடி, வெள்ளைப் பல்லோடு, கட்டுப்பல்லு, அதை நான் மூடிக்கொண்டேன்.